தண்ணீர் தெளித்த பெட்டி

ரெட்டிபாளையம்
8.2.2026, ஞாயிறு

என் கண்ணு கீதாஞ்சலிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம், அதனால்தான். நாலு மாதத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும், இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி இப்போது நாளைக் காலையில் உன் ஜூனியர் நர்மதா பெரம்பலூரிலிருந்து உன் கேம் பெட்டியை வாங்கிக்கொள்ள வருகிறாள், வியாழக்கிழமை உன்னிடம் வரத் திருச்சியில் ஃப்ளைட் ஏறுகிறாள், இனிமேல் தள்ள நாள் இல்லை.

முதலில் வீட்டுச் சேதி சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் பட்டறையில் கல்லைத் தானே தூக்கிவைத்தால்தான் அவருக்குத் திருப்தி. ஹாலோபிளாக்குக்கு ஆர்டர் நன்றாக வருகிறது, ஜெயங்கொண்டம் பக்கம் யாரோ கல்யாண மண்டபம் கட்டுகிறார்களாம். உன் மாமா மகன் சரத்குமார் பொங்கலுக்கு வந்திருந்தான். உன் பிளேஸ்டேஷனா அவன் எக்ஸ்பாக்ஸா என்று நீங்கள் இரண்டு பேரும் ஆறு வருஷம் அடித்துக்கொண்டது போதாதென்று, இப்போது பெட்டியே இருக்காது என்கிறான். அடுத்தது வருவதில் டிஸ்க் தட்டு போடுகிற வாயே இருக்காது அத்தை, அதுக்கும் அடுத்தது எல்லாம் போன்லயே ஓடிடும், எங்கேயோ இருக்கிற பெரிய மெஷின் ஆடிக் காட்டும், கீதா வீணா பெட்டிக்குள்ள சூடு தணியக் காத்து எப்படிப் போவுதுன்னு படிக்கிறா என்று சிரித்தான். நீ போனில் அவனுக்குச் சொன்ன பதிலைக் கேட்டு அப்பா ஒரு வாரம் பட்டறையில் எல்லாரிடமும் சொன்னார், அந்த எங்கேயோ இருக்கிற பெட்டிக்கும் காத்து வேணும்டா மடையா என்று. பெட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மட்டும் அன்றைக்கு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நீ ஆகஸ்டில் கிளம்பும்போது சொன்னாய், டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டியைத் தொடாதேம்மா, துடைக்காதே, அப்படியே கிடக்கட்டும் என்று. பிள்ளை ஆசையாகச் சொல்கிறது என்றுதான் நினைத்தேன், காரணம் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. ஆயுதபூஜை வந்தது. பட்டறையில் மெஷின், மம்மட்டி, கலவை அள்ளுகிற பாண்டு எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, அப்பா வண்டிக்கு மாலை போட்டாயிற்று, போன வருஷம் வரைக்கும் உன் புத்தகம் இருந்த பலகை மட்டும் வெறுமனே கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உன் கை பட்டது வேறு என்ன இருக்கிறது என்று தேடி உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆறு வருஷத்துச் சிமெண்டுத் தூசி அதன் பின்பக்கத்துச் சந்துகளில் அப்பிக் கிடந்தது. நம் வீட்டில் தூசியை எப்படிப் பெருக்குவோம் என்று உனக்குத் தெரியும், வெறுமனே பெருக்கினால் மூக்கில் ஏறும், தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுப்போம். நான் அதையே செய்தேன் கீதா. துணி தேய்க்கும்போது தெளிக்கிற பாட்டிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அந்தச் சந்து வழியாக உள்ளே அடித்தேன். ஒரு தடவை இல்லை, தூசி அமுங்கும் மட்டும் அடித்தேன். பிறகு துடைத்து, நெற்றியில் வைக்கிற மாதிரி முன்பக்கத்து நடுவில் சந்தனம் வைத்து, உனக்கு போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தவள், நீ வகுப்பில் இருப்பாய் என்று விட்டுவிட்டேன். அனுப்பியிருந்தால் அப்போதே நீ கத்தியிருப்பாய், இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை அன்றைக்குக் கையில் எடுத்து ஓட்ட வேண்டுமே என்று பிளக்கைச் சொருகினேன். நீல வெளிச்சம் இரண்டு தடவை வந்து வந்து போனது, உள்ளே ஏதோ கரகரவென்றது, கருகின வாடை வந்தது, அவ்வளவுதான். பிடுங்கிவிட்டுத் துணியைப் போர்த்தி வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பழைய பெட்டிதானே, நீ ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனதை ஏமாற்றிக்கொண்டேன்.

நவம்பரில்தான் நீ அந்த ப்ராஜெக்டைப் பற்றிச் சொன்னாய். ஐந்து வீடு, ஐந்து பெட்டி, நம்ம பெட்டியும் அதில் ஒன்று, ஒவ்வொரு வீட்டுத் தூசியும் வெக்கையும் உள்ளே என்ன செய்திருக்கிறது என்று அப்படியே திறந்து பார்த்து அளக்கப் போகிறோம், கம்பெனிகள் படம் தெளிவா வேகம் அதிகமா என்றுதான் போட்டி போடுகின்றன, இனிமேல் புதுசாக வாங்கப் போகிறவர்கள் ஏசி இல்லாத வீட்டுக்காரர்கள், நம்ம வீட்டில் மூச்சுத் திணறாத பெட்டியை எவன் முதலில் செய்கிறானோ அவன்தான் ஜெயிப்பான் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். உன் கண் அப்படி மின்னியது. இதைப் பார்த்துத்தான் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா இல்லையா என்று தெரியும் என்றாய். பெட்டி எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய். அப்படியே இருக்கு என்றேன். அது முதல் பொய்.

அதற்கப்புறம் தூக்கமில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வீரமணி என்று ஒரு பையன் இதெல்லாம் ரிப்பேர் பார்க்கிறான், அவனிடம் கொண்டுபோனேன். பின்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னக்கா உள்ளுக்குள்ளேயே ஹாலோபிளாக் போட்டு வச்சிருக்கீங்க என்றான். ஃபேன் இறக்கைக்கு நடுவில் கல்லாகக் கட்டியிருந்தது. கல் போட்டால் தண்ணீர் காட்டி இறுக வைக்கிற தொழிலில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன், அது என் புத்திக்கு எட்டவில்லை பார். இது இனி எழுந்திருக்காதுக்கா, மெமரி சிப் விலை ஏறிக் கிடக்கு, பழைய பெட்டிக்குக்கூட இப்பக் கிராக்கி, இதே மாடல் வேப்பந்தட்டைல ஒருத்தர்கிட்ட இருக்கு, வேணும்னா வாங்கித் தரேன் என்றான். வாங்கினேன். அப்பாவிடம் சொல்லாமல் வாங்கினேன்.

பொங்கல் கழிந்து நீ அந்த ப்ராஜெக்ட் அட்டவணையைப் படித்துக் காட்டினாய், நாலாம் நம்பர், ரெட்டிபாளையம், கான்கிரீட் கல் பட்டறைக்குப் பக்கத்து வீடு, ஆறு வருஷம். சுத்தம் செய்யப்பட்டதா என்று ஒரு கட்டம் இருக்கும்மா, இல்லைன்னு போட்டுக்கட்டுமா, எங்க அம்மா தொடவே இல்லைன்னு ப்ரொஃபசர்கிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன் என்றாய். போடு என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். அது இரண்டாவது பொய்.

மூன்றாவதையும் சொல்லிவிடுகிறேன். வேப்பந்தட்டைப் பெட்டி சுத்தமாக இருந்தது. போன திங்கட்கிழமை பட்டறையிலிருந்து ஒரு கிண்ணம் சிமெண்டை அள்ளிவந்து டீ வடிகட்டியால் அதன் சந்துகளில் சலித்துக்கொண்டிருந்தேன், ஆறு வருஷத் தூசி மாதிரி தெரியவேண்டுமே என்று. அப்பா வந்து நின்றுவிட்டார். ஏண்டி, டீ வடிகட்டுறதுல சிமெண்டு சலிக்கிற, யாருக்குப் போட்டுக் குடுக்கப் போற என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. அவ அதை அளந்து எழுதுவாளே, அப்புறம் அதைப் பாத்து இன்னொருத்தன் பெட்டி செய்வானே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி பிராக்டிகல் எழுதும்போது நீ வயிற்றில் ஏழு மாதம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் குனிந்து பார்த்தால் தலை சுற்றியது. விடை எவ்வளவு வரவேண்டும் என்று தெரியும், அதை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங் எல்லாம் நானே எழுதிவிட்டேன். முழு மார்க் வந்தது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்தத் தடவை ரீடிங் எடுக்கப் போகிறவள் நீ. பொய் ரீடிங்கை உன் கையால் எழுத வைத்து, அதில் உன் பேரும் போட வைத்து, அதுக்கு நீ சந்தோஷப்படுவதையும் வீடியோவில் பார்க்க இருந்தேனே, அம்மாவா நான்.

நர்மதா பையில் ஒரு பெட்டிக்குத்தான் இடம். உன் பெட்டியைத்தான் கட்டியிருக்கிறேன். ஓடாது. உள்ளே கல் கட்டியிருக்கிறது, முன்பக்கம் சந்தனக் கறை இருக்கிறது, அதை நான் துடைக்கவில்லை, இனி எதையும் துடைக்க மாட்டேன். வீரமணி கழற்றிய ஸ்க்ரூ நான்கையும் மருந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், மற்றபடி அவன் எதையும் மாற்றவில்லை. வேப்பந்தட்டைப் பெட்டி இங்கேயே பரணில் இருக்கட்டும், நான் சலித்த தூசி அதில் இருக்கிறது, நீ கேட்டாலும் அனுப்ப மாட்டேன். உன் ப்ரொஃபசர் கோபித்துக்கொண்டால், இன்டர்ன்ஷிப் போய்விட்டால், அதற்கு நான்தான் காரணம், எங்க அம்மாதான் என்று சொல்லு, தயங்காதே. நீ என்னிடம் ஒரு வாரம் பேசாவிட்டாலும் நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

இட்லிப் பொடியும் வத்தலும் பெட்டிக்கு மேலே இருக்கிறது, அதற்கடியில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. நிலநடுக்கம் என்று நியூஸில் வந்தாலே எனக்கு இங்கே தரை ஆடுகிறது, ஆட்டம் வந்தால் மேஜைக்கடியில் போய் உட்காரு, லேப்டாப்பை எடுக்கத் திரும்பாதே. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. உன் புத்திக்கும் உழைப்புக்கும் ஒரு குறையும் வராது, நீ நல்லா இருப்ப, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் முதல் வேலையாக அந்த அட்டவணையைத் திற. நாலாம் நம்பருக்கு நேரே, சுத்தம் செய்யப்பட்டதா என்ற கட்டத்தில், இல்லை என்பதை அடித்துவிட்டு ஆம் என்று போடு. யாரால் என்று கேட்டால் என் பேரை எழுது.

உன் அன்பு
அம்மா