நான் கையெழுத்துப் போட்ட பாலம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கூட்டத்தின் நடுவில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்ததே நல்லது. இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் என் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஆற்று ரயில் பாலத்தில் போன மாதம் நான் எடுத்த அளவுகளை எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் குப்பையில் போடச் சொல்கிறார். தாது ஏற்றிய சரக்கு வண்டி கடக்கும்போது பாலத்தைத் தாங்கும் இரும்பு கர்டர்கள் எவ்வளவு இழுபடுகின்றன என்று அளப்பது என் வேலை. போன வருடமும் நான்தான் அளந்தேன். இந்த வருடம் அளவு ஏறியிருக்கிறது. பாலம் தளர்கிறது என்றுதானே அர்த்தம்?

"மெஷின் கோளாறும்மா. பழைய ரீடிங்கையே வச்சு சமாளிச்சுக்கலாம்" என்கிறார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே சமாளிப்புதான். பழைய அளவைக் காட்டி வேகனுக்கு இன்னும் நான்கு டன் கூட்டப் போகிறார்களாம். அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம். அந்தப் பாலத்தில் வாரம் மூன்று முறை கூட்ஸ் வண்டி ஓட்டிப் போகிறவன் என் அண்ணன்.

மார்ச் 5, புதன்

அண்ணன் வீட்டுக்கு ஆறுதல் தேடிப் போனேன். சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

"வாரா வாரம் ஓட்டுறவன் நான். எனக்கு ஒண்ணும் தெரியல. நீ ஒரு பெட்டிய வச்சுக்கிட்டு ஊரையே பயமுறுத்துற" என்றான்.

"உனக்குத் தெரியறப்போ நீ ஆத்துக்குள்ள இருப்ப" என்றேன்.

அண்ணி அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் கத்தி முடிச்சதும் சொல்லுங்க, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்றாள். சாப்பிடாமலே வந்துவிட்டேன். பசி வேறு. அதற்கும் சேர்த்துக் கோபம்.

மார்ச் 7, வெள்ளி

போட மாட்டேன். அவர் தலைகீழாக நின்றாலும் போட மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

"ஒரே வருஷத்துல இரும்பு இவ்வளவு தளருமா? படிச்ச பொண்ணுதானே நீ?" என்று தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார். காது வரை சூடேறிவிட்டது. இரு, உன் முகத்திலேயே விட்டெறிகிறேன் என்று இரண்டு வருட அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட உட்கார்ந்தேன்.

முழுப் பாரம் ஏற்றிய வண்டிக்கு வித்தியாசம் ஐம்பத்தெட்டு. அரைப் பாரத்துக்கும் ஐம்பத்தெட்டு. நாற்பது வண்டிகளைப் பார்த்துவிட்டேன், ஒன்றிரண்டு முன்னே பின்னே, அதே எண்தான். பாலம் தளர்ந்திருந்தால் பாரம் கூடக் கூட வித்தியாசமும் கூட வேண்டும். இது ஏன் அசையாமல் நிற்கிறது?

இந்த வருடம் காலி வேகன்கள் கடக்கும்போது என்ன அளவு வருகிறது என்று தேடினேன்.

ஐம்பத்தெட்டு.

மார்ச் 12, புதன்

விடிந்ததும் பாலத்துக்குப் போனேன். அளக்கத் தொடங்கும் முன், பாலத்தின் மேல் எதுவும் இல்லாதபோது மெஷினைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். அதை வைத்துவிட்டால் பிறகு வண்டி வரும்போது மட்டும் அது விழித்து, உச்ச அளவை மட்டும் குறித்துக்கொள்ளும். பூஜ்யம் தப்பானால் எல்லாம் தப்பு.

தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிற கீமேனைப் பிடித்து, போன வருடம் நான் மெஷின் வைத்த நாளைக் கேட்டேன்.

"அன்னிக்கு காலி வண்டி ஒண்ணு சிக்னல் கிடைக்காம பாலத்து மேலயே நின்னுச்சே மேடம். அரை மணி நேரம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. கீழ கொட்டகைக்குள்ள இருந்தீங்க. இந்த வெயில்ல மேல ஏற முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் மேல் எரிந்து விழுந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சுத்தியலைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். அவர் என்ன செய்வார்? வண்டி வந்த சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு அடங்கியது. போய்விட்டது என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினேன். மொத்தம் நாற்பது படி. ஏறிப் பார்க்கவில்லை — ஏறிப் பார்க்கலடி நீ!

நின்ற காலி வண்டியின் ஐம்பத்தெட்டையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, போன வருடம் மெஷின் எல்லா அளவையும் அவ்வளவு குறைத்துக் காட்டியிருக்கிறது. பாலம் தளரவில்லை. அன்றைக்கும் அது இப்படித்தான் இருந்தது. என் குறைந்த அளவை நம்பித்தான் போன வருடம் வேகனுக்கு மூன்று டன் கூட்டினார்கள். அந்த அறிக்கையின் கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஒரு வருடமாக அண்ணனை நான்தான் அந்தப் பாரத்தோடு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

தலைவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இந்த வருஷ ரீடிங்தான் மெஷின் கோளாறுன்னு நான் எழுதிடறேன். நீயும் நானும் தவிர யாருக்குத் தெரியப் போகுது? உன் பேரு கெடாது. சமாளிச்சுக்கலாம்மா."

அந்த வார்த்தை இன்று எனக்கு இனித்தது. ஒரு கணம்தான். ஆனால் இனித்தது. அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது, அவரை அடிப்பதற்கு முன்னால் என்னை.

மார்ச் 17, திங்கள்

பாதுகாப்பு அதிகாரிக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்தேன். முதல் வரி: போன வருட அளவு தவறு, தவறு செய்தவள் நான். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

விசாரணை முடியும்வரை நான் எதையும் அளக்கக் கூடாதாம். பழைய வரைபடங்களுக்கு எண் ஒட்டுகிறேன். மதியம் தலைவர் அந்த வழியாகப் போனார். யாரோ மாதிரி பார்த்தார். நேர்மைக்கு மாலை போடுவார்கள் என்று நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது. அண்ணனும் மூன்று வாரமாகப் பேசவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அண்ணன் போன் செய்தான். வண்டியை விட்டு இறங்கியவுடன் போட்டிருக்கிறான், மூச்சு வாங்குகிறது.

"பாரத்தையும் கொறச்சுட்டாங்க, அது போதாதுன்னு அந்தப் பாலத்துல பத்துக் கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்து போகணுமாம். பின்னால வண்டி வண்டியா நிக்குது. டிரைவருங்க எல்லாம் உன்னத்தான் திட்டுறாங்க. நானும்தான் திட்டுறேன்."

"திட்டு."

"போன வருஷம் ஏத்தின மூணு டன்னையும் ஏன்டி எடுத்தாங்க? அப்போ ஒரு வருஷமா நான்…" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"ஆமா" என்றேன்.

அவன் மறுபடியும் திட்ட ஆரம்பித்தான், முன்பைவிடச் சத்தமாக, குரல் உடைந்து உடைந்து. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவன் முடிக்கும்வரை கேட்டேன்.