ஆடி நிலைக்கு வந்த வீடு

அன்பு மகளுக்கு,

நல்லபடியாக ஆமத்தூர் வந்து சேர்ந்தேன். ஜப்பானில் உன் வீடு ஆடியதுதான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தீக்குச்சியாய் எரிகிற மரத்தில் யாராவது வீடு கட்டுவார்களா என்று உன்னைத் திட்டியவன் நான். அன்று தரை குலுங்கியபோது எனக்குப் பூகம்பம் என்றே தோன்றவில்லை. பக்கத்து அறையில் மருந்து வெடித்துவிட்டது என்று நினைத்தேன். பட்டாசு ஆலையில் முப்பது வருடம் பழகிய கால், செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். மொத்த வீடும் அசைந்தது. தூணும் உத்திரமும் முனகி வளைந்து, பிறகு தம் இடத்துக்கே திரும்பின. ஒரு ஓடுகூட விழவில்லை. தேர் ஆடி ஆடி நிலைக்கு வந்ததைப் பார்த்தவன்போல என்னையறியாமல் கைகூப்பினேன்.

திறந்த கதவு வழியே, மேசைக்கு அடியில் நீ பிள்ளையை அணைத்தபடி இருந்தது தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது, உங்களை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

ஆலை வெடித்த அன்றும் இப்படித்தான் ஓடினேன். உன் அம்மா உள்ளே இருந்தாள்.

நீ என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். "வெறுங்காலோட நிக்கீகளேப்பா, உள்ள வாங்க" என்றாய். ஏன் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை. இந்த இருபது வருடத்தில் ஒருநாளும் நீ கேட்டதில்லை.

உள்ளே வந்த,
உன் அப்பா