வைர அறைகள்

ஆடி, செவ்வாய்க்கிழமை.

எங்கள் ஹோட்டல் பழைய செட்டியார் வீடு. முற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சின்ன அறைகள் ஏன் என்று, காலையில் நான் சுற்றிக் காட்டும்போது விருந்தினர்கள் கேட்டார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனிச் சமையல் என்று உள்ளதைச் சொன்னேன். எம்.ஏ. வரலாற்றில் என் ஆய்வேடே அதுதான். கொட்டாவி விட்டார்கள்.

முதலாளி தனியே கூப்பிட்டார். "படிச்சதெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க தம்பி. வைரம் பூட்டி வச்ச அறைன்னு சொல்லுங்க. வாரவுக கதை கேக்கத்தான் வாராக."

மதியம் வந்தவர்களிடம் வைரம், பர்மா, கப்பல், கொள்ளையர் என்று ஆண்டு, தேதியோடு அளந்துவிட்டேன். வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"பாத்தீகளா, படிச்சவுக சொன்னா நம்புறாக!" என்று முதலாளி தோளில் தட்டினார்.

நாளையிலிருந்து என் சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் 'எம்.ஏ. வரலாறு' என்றும் இருக்குமாம்.