கடைசியாகப் பிறந்தநாள் வந்தவள்

கார்த்திகை 4, திங்கள்

காலையில் லேசான பனி. போர்வைகள் மாடியில். லேக் மார்க்கெட்டில் வாங்க: சேப்பங்கிழங்கு, மோர்மிளகாய், கற்பூரம்.

பதினொரு மணிக்கு ஒரு வங்காளிப் பெண், நாற்பது வயதிருக்கும். பெயர் சுப்ரியா. ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராயும் நிறுவனமாம். எங்கள் பவானிபூர் தெருவில் குலுக்கல் முறையில் சில வீடுகள், அதில் எங்களுடையதும். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் தயார்.

"தாதா, வீட்ல யாருக்குக் கடைசியா பொறந்தநாள் வந்துச்சோ அவங்கதான் பதில் சொல்லணும். அதான் எங்க விதி."

"இவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்களை மட்டும் கேக்கறதுக்கு நாங்க எதுக்கு? பௌதி, உங்களுக்கு எப்ப?" இவர் தாதா, அண்ணன்; நான் பௌதி, அண்ணி.

இவருக்கு செப்டம்பர். எனக்குப் போன வாரம், ஐப்பசி ரோகிணி. கோயிலில் அர்ச்சனைகூட ஆயிற்று. அப்படியே சொன்னேன். நாற்பது நிமிஷம் என்னையே கேட்டாள். குடிதண்ணீர், பஸ், பள்ளிக்கூடம், பெண்கள் வேலைக்குப் போவது. 'தெரியாது' என்பதற்கும் ஒரு கட்டம் உண்டாம். ஒரு தடவைகூட எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அம்பாளுக்கு நமஸ்காரம்.

கார்த்திகை 5, செவ்வாய்

பூஜையில் மனம் நிற்கவில்லை. ஆதாரில் என் பிறந்தநாள் ஜூன் 1! அப்படிப் பார்த்தால் கடைசியாக வந்தது இவருக்கு. இவருடைய இடத்தில் உட்கார்ந்து நான் பேசிவிட்டேனா?

இவரிடம் சொன்னேன்.

"பாத்தியா! போன் பண்ணு. அழிச்சிட்டு என்னைக் கேக்கட்டும்."

சுப்ரியா கொடுத்த தாளில் நம்பர். எல்லாம் வங்காள எழுத்து. பொட்டலக் காகிதங்களை வைத்து நானாகப் படித்தது, உதவிற்று. ஆனாலும் விளக்கேற்றும் வரை போனைத் தொடவில்லை. அந்த நாற்பது நிமிஷமும் போய்விடுமே. பிறகு பேசினேன்.

"ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் பௌதி."

கார்த்திகை 7, வியாழன்

நேற்று போன் இல்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்பு.

இன்று பத்தரைக்கு சுப்ரியாவின் மேலதிகாரி போனில். மரியாதையான குரல்.

"ஜூன் ஒண்ணுன்னு எழுதினது யாரு?"

"பள்ளிக்கூடத்துல சேக்கறப்போ அப்பா சொன்ன தேதி. அஞ்சாவதோட நின்னுட்டேன். தேதி மட்டும் கூடவே வருது."

சிரித்தார். "நெஜமா பொறந்தது?"

"ஐப்பசிலதான். நல்ல அடைமழைன்னு அம்மா சொல்லுவாங்க."

"அப்ப நீங்க சொன்னதுதான் சரி. உங்க பதில் அப்படியே இருக்கும். மறைக்காம சொன்னீங்களே, ரொம்ப நன்றி."

எனக்கு நன்றி! ஒரு ஆபீஸிலிருந்து! சுவாமி படத்தின் முன் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

சமையலறை வாசலில் இவர், கையில் பேப்பர்.

"அப்படி என்னதான் சொன்ன?"

"எந்தக் கேள்விக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.