ஜன்னலில் தெரிகிற ஆஸ்பத்திரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் அப்பாவும் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம், கடலுக்கு நடுவே அந்த எண்ணெய்க் கிணற்று மேடையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம் என்று முதல் வரியாக எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். சலவைச் சோடாவில் அம்மாவின் விரல்கள் வெடித்திருக்கின்றன, பேனா பிடிக்க வரவில்லை, அதனால்தான் இந்தத் தடவை என் கையெழுத்து. ஈரத் தலையோடு படுக்காதே, கூட வேலை செய்கிறவர்களிடம் வாய் கொடுக்காதே, உயரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதே, இதையெல்லாம் மூன்று தடவை எழுதச் சொன்னாள், ஒரு தடவை சொன்னால் உன் மண்டையில் ஏறாதாம். நான் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன், மீதி இரண்டை நீயே திருப்பிப் படித்துக்கொள். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்று திரும்பவும் சொல்லிவிட்டுப் போனாள். இனிமேல் நான் எழுதப்போவது முழுக்க வீட்டைப் பற்றித்தான் அண்ணா, திட்டாதே.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் கறை. அம்மாவின் வேலைக் கால்சட்டையைத் துவைக்கும்போது பார்த்தேன், தொடைக்குக் குறுக்காக, வண்டிப் புகை அப்பியது மாதிரி. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பையெல்லாம் வெள்ளை வெளேரென்று வெளுத்து மடிக்கிற இடத்தில் இந்த அழுக்கு எங்கிருந்து வரும்? கேட்டதற்கு மெஷினில் உரசியது என்றாள். மறுநாள் அவள் கிளம்பியதும் ஜன்னலில் போய் நின்றேன். அம்மா ரோட்டின் நடுவில் இருந்தாள். சாப்பாட்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு உயரச் சிமெண்டுத் தடுப்பின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, முதுகை உரசுகிற மாதிரி பஸ் பறக்க, அதன் மேலிருக்கிற இரும்புக் கம்பி உடைந்த இடத்தில் உடம்பை ஒடுக்கி நுழைந்து, அந்தப் பக்கம் குதித்து ஓடினாள். நம் அம்மா, அண்ணா. மாடிப்படி இறங்கவே கைப்பிடியைத் தேடுகிறவள்.

நீ இந்த வீட்டைப் பிடித்த அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, அவர் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேன் வேறு ஆள் கைக்குப் போய், நானும் பள்ளிக்கூடத்தை விட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அம்மாவுக்கு இந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வேலை செய்கிறவர் வீட்டு ஆளுக்கு அங்கேயே சிகிச்சை உண்டு என்றதும் இவ்வளவு பெரிய நகரத்துக்குக் குடிவரத் துணிந்தோம். நீ போனில் படத்தைப் பெரிதாக்கி, ஆஸ்பத்திரி மேல் ஒரு விரல், இந்தக் கட்டிடத்தின் மேல் ஒரு விரல் வைத்து, நடுவில் காற்றுகூட நுழையாது பாருங்கள் என்று காட்டினாய். குடிவந்த விடுமுறை நாளில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. அப்பாவை ஜன்னலோரம் உட்கார்த்தினாய், எதிரே பெரிய எழுத்தில் ஆஸ்பத்திரிப் பெயரைப் பார்த்ததும் அவர் நல்ல கையைத் தூக்கி அதற்கு ஒரு சல்யூட் வைத்தார். அன்று மாலையே நீ வண்டி ஏறிவிட்டாய். மறுநாள் காலைதான் ரோட்டுக்கு உயிர் வந்தது.

அந்த ரோட்டைக் கடக்க வழியே இல்லை அண்ணா. நம் வாசலிலிருந்து வண்டி எடுத்தால் இடது பக்கம்தான் போக முடியும், மேம்பாலத்தின் அடிவரைக்கும் போய், அங்கே யு டர்ன் அடிக்கக் காத்திருக்கிற வண்டிகளின் வாலில் நின்று, ஊர்ந்து ஊர்ந்து எதிர்ப்பக்கம் முழுக்கத் திரும்பி வர வேண்டும். கண்ணுக்கு எதிரே இருக்கிற இடத்துக்கு ஊரைச் சுற்றிப் போகிறோம். நடைமேம்பாலம் ஒன்று இருக்கிறது, தூரத்தில், படி மட்டும்தான், சக்கர நாற்காலி ஏறாது. அம்மா முதலில் பஸ்ஸில்தான் போனாள், தினமும் தாமதம், மேற்பார்வையாளர் கடைசி எச்சரிக்கை என்று சொன்ன பிறகுதான் தடுப்பேறிக் குதிக்க ஆரம்பித்திருக்கிறாள். கீழே வாட்ச்மேன் மாமாவிடம் அம்மா புலம்பியபோது அவர் சிரித்தாராம். இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வீட்டை ஜன்னலைப் பார்த்துப் பிடிப்பார்கள், இரண்டாவது வீட்டைத்தான் ரோட்டைப் பார்த்துப் பிடிப்பார்கள், நீங்கள் காலி செய்தால் சாயங்காலமே இன்னொரு குடும்பம் வந்து இதே ஜன்னலில் மயங்கி நிற்கும் என்றாராம். அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்தது, அப்போது.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா நல்லவர். முதல் தடவை போனபோது அப்பாவின் இடது காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலுக்கு இப்பத்தான் காது கேக்குது. இப்ப சொல்லிக் குடுத்தா நடக்கும். விட்டுட்டீங்கன்னா செவிடாயிடும், அப்புறம் யார் சொன்னாலும் கேக்காது" என்றார். இரண்டாம் வாரம் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், தெரியுமா? நின்றுகொண்டே என்னைப் பார்த்து, ஹாரன் அடிக்கிற மாதிரி வாயால் சத்தம் கொடுத்தார், வழி விடு என்று. அந்த அறையே சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் டாக்சி யு டர்னில் மாட்டிக்கொண்டது. நேரம் தப்பினால் அந்த இடத்தில் அடுத்த நோயாளியை ஏற்றிவிடுகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் வண்டிக்குள்ளேயே அப்பாவுக்குச் சிறுநீர் போய்விட்டது. டிரைவர் சீட்டைப் பார்த்துக் கத்தினார். அப்பா, ஆயுள் முழுக்க வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர், தன் சட்டை நுனியால் அந்தச் சீட்டைத் துடைக்கப் பார்த்தார். இன்னொரு தடவை தவறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பிசியோ அம்மா வருத்தத்தோடுதான் சொன்னார்.

அதனால் போன வாரம் அம்மா ஒரு முடிவு செய்தாள். விடிகிற நேரத்தில் டாக்சி கிடைக்காது, ஆனால் ரோடு காலியாக இருக்கும், அப்பாவைத் தடுப்புக்கு மேலே தூக்கி இறக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய்விடலாம், முறை வரும்வரை ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றாள். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை, வாயில்லாப் பூச்சி என்று நீ சொல்வாயே, அதேதான். தடுப்புவரை நல்லபடியாகப் போய்விட்டோம். அம்மா அப்பாவை முதுகில் சுமந்து தடுப்பின் மேல் உட்காரவைத்தாள், ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். நான் நாற்காலியைத் தூக்கினேன், சக்கரம் உடைந்த கம்பியில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. அதற்குள் லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன, இரண்டு பக்கமும். அம்மா அப்பாவை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தண்ணீர் லாரி போன காற்றில் அப்பாவின் உடம்பு சாய்ந்தது. பைக்கில் போன ஒருவன், சாகணும்னா வீட்டில் சாகுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது அப்பா பேசினார், இத்தனை மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். "நான் ஓட்டுனவன்டி. இந்த வேகத்துல பிரேக் புடிக்காது. என்னை விட்டுட்டு நீங்க போங்க." அம்மா விடவில்லை. கடைசியில் ரோடு கூட்டுகிறவர்களின் வண்டி மெதுவாக வந்து, எங்களை மறைத்தாற்போல் நின்றது. அவர்கள்தான் இறங்கிச் சக்கரத்தைக் கம்பியிலிருந்து விடுவித்தார்கள். வண்டி நம் பக்கம் நின்றதால் நம் பக்கமே இறங்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி வாசல் விளக்கைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்றிலிருந்து அப்பா ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கிறார். காலை நீட்டி மடக்க நான் தொட்டால், போதும் என்கிறார். அந்த ஒரு சொல்தான். பிசியோ அம்மாவிடம் அம்மா அழுது, ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கிறாள், வருகிற திங்கட்கிழமை. அதற்கு இன்னும் சீக்கிரம், இருட்டோடு கிளம்பி மறுபடியும் அதே தடுப்பில் ஏறலாம் என்கிறாள். அண்ணா, நம் அம்மாவையும் அப்பாவையும் ஒரே நாளில் அந்த ரோட்டில் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

வேறு வீடு இருக்கிறது. ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே குறுகலான ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஒரு அம்மாவின் வீடு, கடைக்குப் பின்னால் ஒரே அறை, தரைத்தளம், படியே இல்லை. நாற்காலியைத் தள்ளினால் உலை கொதிக்கும் முன்னே பயிற்சி அறைக்குப் போய்விடலாம், கார் நுழையாத சந்து. மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் கடைக் கதவில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் படித்துவிட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில் அந்த அம்மாவே, "தினம் வந்து அதையே படிக்கிறியே, பரீட்சை ஏதாவது எழுதப்போறியா?" என்று கேட்டார். ஜன்னல் கிடையாது, மேலே காற்றுக்கு ஒரு துவாரம், குளியலறை அவர்களோடு பொது, அவ்வளவுதான் குறை. நம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டார், வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நமக்கு, இல்லாவிட்டால் ஒரு நர்ஸ் காத்திருக்கிறார் என்றார். வீட்டில் சொன்னேன். அம்மா பெட்டி போல் ஒரு அறையில் அவரை அடைக்கவா என்றாள். ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. நீ ஓடியாடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்ட வீட்டை உன்னைக் கேட்காமல் மாற்றினால், நீ செய்தது தப்பென்று உன் முகத்தில் அடித்தது போலாகுமாம். அங்கே தனியாகக் கிடக்கிற பிள்ளை மனசு நோகக்கூடாதாம். அப்பாவும் அதையே சொல்கிறார், பெரியவன் பார்த்த வீடு என்று. உனக்காக இரண்டு பேரும் அந்தத் தடுப்பில் ஏறத் தயார், உனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தயாரில்லை.

நீ பார்த்ததில் தப்பில்லை அண்ணா, நாங்கள் மூன்று பேரும்தான் சேர்ந்து பார்த்தோம். நீயே யோசித்துச் சொல்வது போல, வேறு வீட்டுக்குப் போங்கள் என்று இரண்டு வரி எழுதிவிடு. உன் வார்த்தை ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவார்கள். அங்கே போன் எடுக்காது, இந்தக் கடிதமும் கம்பெனிப் படகு புறப்படும்போதுதான் வந்து சேரும், உன் பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமையும் போய்விடும் திங்கட்கிழமையும் போய்விடும் என்று இதை எழுதும்போதே தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வேன்?

முடிவில் எழுதச் சொல்லி அம்மா சொன்னது: பெற்றவர்கள் இரண்டு பேரின் வாழ்த்தும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும், நீண்ட நாள் நோயில்லாமல் இரு, முதுகு வலியைக் கம்பெனி டாக்டரிடம் மறைக்காமல் காட்டு, எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மா, அப்பா
(அவர்களுக்காகத் தங்கை)

உறையை ஒட்டும் முன் இன்னும் கொஞ்சம். வாட்ச்மேன் வீட்டு அக்காவை அப்பாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, நடைமேம்பாலம் ஏறி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம், எல்லோரும் போகும்வரை நின்றேன். பிறகு, நாங்கள் வருகிறோம் என்று சொன்னேன். அந்த அம்மா காதில் விழவில்லை, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். உன் அம்மாவைச் சலவைப் பகுதியில் பார்த்திருக்கிறேன், முதலில் அப்பாவைக் கொண்டுவந்து இறக்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று சாவியைக் கொடுத்தார். நான் உன் பெயரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன் அண்ணா, அவர்கள் எழுதிக் கேட்டால் நீயும் அதையே சொல்லிவிடு. அம்மா இன்னும் வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாவியை அவருடைய நல்ல கையில் வைத்து விரல்களை மூடி, அண்ணனிடமிருந்து தகவல் வந்துவிட்டது, அவன்தான் வீடு மாறச் சொல்கிறான், நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொன்னேன்.