முன் ஸீட்

சஃபீர் மச்சானுக்கு ஆசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் மட்டும் முழு மனதோடு சொல்கிறேன். மீதியெல்லாம் கோபத்தில் எழுதுவது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். அதனால்தான் மதுரைக்கு வருகிற உங்கள் தம்பி பாவாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தா எப்போது வருவார் என்று பிள்ளை ஸைமா தினமும் கேட்கிறாள். கிளாவரையில் மழை விடவில்லை, காரட் லோடு வரத்துக் குறைவு. நம் கடையில் தைலமும் சாக்லேட்டும் சுமாராகப் போகின்றன.

போன வாரம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டு வந்த பாவா, "மதினி, அண்ணே மகாதேவி அம்மாகிட்ட மனசு விட்டுப் பேசுறாரு, சிரிக்கக்கூடச் செய்யிறாரு" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. மலைப்பாதையில் நீங்கள் ஓட்டிய வேன் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்து, முன் ஸீட்டில் இருந்த உங்கள் கூட்டாளி கதிர்வேல் அண்ணன் இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அன்று நடந்ததை ஊர் சொல்லித்தான் நான் கேட்டேன். நேற்று வந்த அந்த மனநல ஆலோசகர் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்கிறீர்களாம். நான் என்ன, சுவரா?

தூக்கத்தில் அலறி எழுந்தபோது பிடித்துக்கொண்டது யார்? தர்காவுக்கு அழைத்துப்போய்த் தாயத்துக் கட்டியது யார்? கடை ஷட்டர் சத்தத்துக்கு நீங்கள் நடுங்கியதால் தினமும் அதற்கு எண்ணெய் போட்டேன். நம் ஊர்க் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயை அடுப்பில் உருக்கி உருக்கி ஊற்றினேன். உங்களுக்காக பஜாரே ஷட்டரைப் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் தூக்கியது.

அந்த அம்மா போன் செய்து, அதுதான் தப்பு என்றார்! இது பைத்தியமும் இல்லை, பேய்க்கோளாறும் இல்லையாம். விபத்து முடிந்துவிட்டதை உங்கள் உடம்பு இன்னும் நம்பவில்லையாம். இதற்கும் வைத்தியம் உண்டாம். நாங்கள் சத்தத்தை ஒளிக்க ஒளிக்க உங்கள் பயம் வளர்ந்ததாம். ஷட்டரை முன்போலச் சத்தமாகவே தூக்கச் சொன்னார், நீங்கள் வந்து கேட்டுப் பழக வேண்டுமாம். மறுநாள் ஆத்திரத்தில் தடதடவென்று தூக்கினேன். பக்கத்துக் கடை தங்கமுத்து அண்ணன் ஓடிவந்து, "என்னத்தா, சஃபீர் இல்லாத தைரியமா?" என்று சத்தம் போட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான். வருகிற செவ்வாய்க்கிழமை அதே வளைவுக்கு நீங்களே வண்டி ஓட்டி வரப்போகிறீர்களாம், சிகிச்சைக்காக. பக்கத்தில் யார் உட்காருவது என்று கேட்டதற்கு, அந்த அம்மா போதும், ஆசியா மட்டும் வேண்டாம் என்றீர்களாம். ஏன் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அதை நீங்கள்தான் என்னிடம் சொல்ல வேண்டும் என்றார். என் புருஷன் மனதில் இருப்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாது!

அப்புறம்தான் பழையதெல்லாம் ஞாபகம் வந்தது. விபத்துக்குப் பிறகு தம்பியின் காரில் போனாலும் என்னை முன்னால் உட்கார விட்டதில்லை. அந்த இடத்தில் பையை வைப்பீர்கள், எடுத்தால் எரிந்து விழுவீர்கள். எனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம், அப்படித்தானே? ஆமாம், அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆனால் பரவாயில்லையா? பாவம், அவரும் பிள்ளை பெற்றவர்தான்.

அவரிடம் நானே கேட்டுவிட்டேன். நீங்கள் சம்மதித்தால் அவர் பின்னால் உட்காரத் தயாராம்.

செவ்வாய் வெள்ளனே வந்து வளைவுக்குக் கீழே டீக்கடையில் நிற்பேன். வண்டியை நிறுத்தி, பையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு முன் கதவைத் திறந்துவிடுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், நான் ஏறிக்கொள்கிறேன். கை நடுங்கினால் நடுங்கட்டும். பக்கத்தில் நான் இருக்கும்போது நடுங்கட்டும்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். என்னை உங்கள் பக்கத்திலேயே வைக்கட்டும்.

உங்கள்
ஆசியா