கேட்க மட்டும் அனுமதி

கோபக்காரிக்கு,

ஃபிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறது. பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். ஒழுகும் இடத்தைக் கையால் காட்டினால் போதும், பேசாதே. உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. டாக்டரிடம் போனால் சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடு.

நேற்று நீ, "நான் வாசிச்ச ஒலிப்புத்தகத்துல ஒண்ணையாவது கேட்டீங்களா?" என்றாய். நான் எழுந்து விளக்கை அணைத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாய்.

நீ வாசித்த புது நாவலை வந்த அன்றே வாங்கினேன். முதல் அத்தியாயம் முடிவதற்குள் என் பழைய போன் செத்துப்போனது. புதுப் போனில் திறக்க மாட்டேன் என்கிறது. ஒரு போனில்தான் ஓடுமாம். கம்பெனிக்கு நான்கு தடவை பேசிவிட்டேன். "வாங்கினாலும் குரல் உங்களுக்குச் சொந்தமில்ல சார், கேக்க மட்டும்தான் அனுமதி" என்றாள் அந்தப் பெண். "அது என் பொண்டாட்டி குரலும்மா!" என்றேன். சிரித்துவிட்டாள்.

அதையே வாங்கிய எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் போனில் மட்டும் ஜோராக ஓடுகிறது. மதியம் காதில் மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறார். "கதையில அந்தப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களே சார், அப்படியே உருகிட்டேன்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிக் கோபம் கம்பெனி மேல், மீதி அந்தப் பையன் மேல்.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) பதினொரு வருஷமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் 'என்னங்க'தான். சாயங்காலம் நான் வந்ததும் ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சிரிக்காமல்.